செயலாளர் அகந்தையைக் காலி செய்த விவரம்

கோவிந்தராஜனுக்கு இழைக்கப்பட்ட அநீதிகளை வரிசை தவறாமல் சொல்ல வேண்டும். வரிசை பிசகினால் எதிர்த்தரப்புக்குக் கொண்டாட்டம்.

முதல் அநீதி, சாய்வு நாற்காலி. கல்கத்தாவின் பவானிபூரில், லக்ஷ்மி நிவாஸ் என்னும் பழைய கட்டடத்தின் மேல்மாடியில், தெருவைப் பார்த்த ஜன்னலோரத்தில் அது கிடந்தது. அங்கே சாய்ந்தால் தெருவில் நடக்கும் அக்கிரமம் ஒவ்வொன்றும் கண்ணில் படும். ஒரு நாள் கோவிந்தராஜன் சந்தைக்குப் போய்க் கத்தரிக்காயுடன் திரும்பியபோது, நாற்காலி குளியலறை வாசலுக்கு நாடு கடத்தப்பட்டிருந்தது. ஜன்னலோரத்தில் ஒரு வட்டத் திண்டு. திண்டின் மேல் கண்ணை மூடியபடி அவருடைய மனைவி விசாலம்.

இரண்டாம் அநீதி, தலையங்கம். கல்யாணமாகிப் போத்தனூரிலிருந்து கல்கத்தாவுக்கு வந்த நாள் முதல், காலையில் பத்திரிகைத் தலையங்கத்தை உரக்கப் படித்து விளக்கம் சொல்வது கோவிந்தராஜன். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே "ஆமாங்க" என்பது விசாலம். இதில் இருவருக்கும் சம பங்கு என்பது அவர் கட்சி. இப்போது அந்த நேரத்துக்கு 'மௌன வேளை' என்று பெயர் வைத்தாகிவிட்டது. வாய்ப்பூட்டுச் சட்டத்தை வெள்ளைக்காரன் போட்டால் ஊர்வலம் போகலாம். பெண்டாட்டி போட்டால் எங்கே போவது?

மூன்றாம் அநீதி, காபி. இதை நடந்தது நடந்தபடியே சொல்ல வேண்டும்.

"காபி எங்க புள்ள?"

"காபி போடப்படலீங்க."

"யாரு போடலை?"

"போடறதுக்கு யாருமில்லீங்க."

"நீ உக்காந்திருக்கியே!"

"உக்காந்திருக்கறது தெரியுதுங்க. உக்காந்திருக்கறது யாருன்னுதான் தெரியலீங்க."

"அப்ப அந்த முறுக்கைத் தின்னுட்டிருக்கறது யாரு?"

விசாலம் கடைவாயில் அரைபட்டதை விழுங்கினாள். நிதானமாக யோசித்தாள். தட்டைப் பார்த்தாள்.

"முறுக்கு குறையுதுங்க. அவ்வளவுதான் சொல்ல முடியும்."

'நான்' என்ற சொல்லை வாயில் எடுப்பதில்லை என்று விசாலம் விரதம் எடுத்திருந்தாள். அந்தச் சொல்லில்தான் அகந்தை குடியிருக்கிறதாம். எந்த முதலாளியும் இதுவரை கண்டுபிடிக்காத தந்திரம் இது. வேலை செய்யாததற்குக் காரணம் கேட்டால், வேலைக்காரரே இல்லை என்று சொல்லிவிடுவது. இந்த உத்தி மட்டும் கோவிந்தராஜனின் தொழிற்சங்க நாட்களில் கிடைத்திருந்தால் இந்திய ரயில்வே என்றைக்கோ பணிந்திருக்கும். ஆனால் அது எதிரியின் கைக்கல்லவா போய்ச் சேர்ந்தது!

நான்காம் அநீதிக்கு முன்னால் குற்றவாளியை அறிமுகப்படுத்துவது முறை. பெயர் அபினவ். கோயம்புத்தூர்ப் பையன். சால்ட் லேக்கில் கம்ப்யூட்டர் கம்பெனியில் நல்ல வேலையில் இருந்தவன், அதை உதறிவிட்டு ஜப்பானுக்குப் போய், ஒரு மடத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்து, ஜென் தத்துவத்தோடு திரும்பியவன். இப்போது பாலிகஞ்சில் ஒரு சின்ன அறையில் வாழ்கிறான். ஞாயிறு காலையில் லக்ஷ்மி நிவாஸ் மொட்டைமாடிக்கு வந்து, அகந்தையை விடுவது எப்படி என்று வகுப்பு எடுக்கிறான். காசு வாங்கினால் சுரண்டல் என்று துண்டுப் பிரசுரம் அடிக்கலாம். அயோக்கியன், காசும் வாங்குவதில்லை.

ஒரு ஞாயிறன்று கோவிந்தராஜன் மாடிக்குப் போனது காய்ந்த பனியனை எடுக்கத்தான். கொடிக்கு அந்தப் பக்கம் கட்டடமே பாய் விரித்து உட்கார்ந்திருந்தது. அபினவ் மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டிருந்தான்:

"ஈகோங்கறது நமக்குள்ள குடிவந்த ஒரு வாடகைதாரர். நாளாக நாளாக, தன்னையே வீட்டுக்காரர்னு நினைச்சுக்குவார். அவர்கூடச் சண்டை போடாதீங்க. சிரிச்ச முகத்தோட, மெதுவா, காலி பண்ணச் சொல்லுங்க."

இதுதான் நான்காம் அநீதி. மற்ற மூன்றும் ஒரு மனிதருக்கு நேர்ந்தவை. இது ஒரு வர்க்கத்துக்கே நேர்ந்தது.

ஏனென்றால் கோவிந்தராஜன் யார்? லக்ஷ்மி நிவாஸ் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். வாடகைதாரர்களின் காவலர். ஒரு காலத்தில் கார்டன் ரீச் ரயில்வே தலைமை அலுவலக வாசலில் அவர் "சோல்பே நா!" என்று முழங்கினால், நடக்காது நடக்காது என்று ஆற்றங்கரை வரை எதிரொலி கேட்கும். வேலைநீக்கத்தின் விளிம்பு வரை போய் மீசையைத் தடவிக்கொண்டு திரும்பியவர். ஓய்வு பெற்ற மறுநாளே ரயில்வே சங்கம் அவரை மறந்தது. அவர் பெயரை மேடையில் சொல்ல ஆளில்லை. மிச்சமிருந்தது இந்த ஒரு பதவிதான். வாசல் கதவில் 'கோவிந்தராஜன், செயலாளர்' என்று பித்தளைப் பலகை. அதைத் தினமும் அவரே துடைக்கிறார். அந்தப் பலகை இல்லாவிட்டால் கதவுக்குப் பின்னால் இருப்பது பனியன் போட்ட ஒரு கிழவர் மட்டுமே. இது அவருக்குத் தெரியும். அதனால்தான் துடைக்கிறார்.

கையில் பனியனோடு அவர் முழங்கினார்.

"நோட்டீஸ் இல்லாம காலி பண்ணச் சொல்றதா? வாடகைதாரர்னா அவ்வளவு கேவலமா? உனக்கு எந்த வீட்டுக்காரன் சொல்லிக் கொடுத்தான் இந்தப் பாடத்தை?"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. மோதல் வந்துவிட்டது என்று கோவிந்தராஜனின் ரத்தம் இளமைக்குத் திரும்பியது. அபினவ் எழுந்து நின்று கைகூப்பினான்.

"ரொம்ப நல்ல கேள்வி சார். நீங்க சொல்றதுதான் சரி. உதாரணம் தப்பு. மன்னிச்சுக்கங்க."

"என்ன?"

"நீங்க சொல்றது சரின்னேன்."

கோவிந்தராஜன் தடுமாறிப் போனார். தடியடி பட்டிருக்கிறார், கண்ணீர்ப் புகை குடித்திருக்கிறார். 'நீங்கள் சொல்வது சரி' என்று எந்த எதிரியும் அவரை இதுவரை அடித்ததில்லை. பனியனைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினார்.

துண்டுப் பிரசுரம் அடித்தார். 'ஆன்மிகப் போர்வையில் வெளியேற்ற அரசியல்' என்று தலைப்பு. தமிழிலும் வங்காளத்திலும் எழுதிக் கதவுக்குக் கதவு செருகினார். எல்லோரும் படித்தார்கள். கீழ்த்தளத்து சர்பானி பௌதி அதைப் பாராட்டவே செய்தாள். வங்காளத்தில் பௌதி என்றால் அண்ணி, தாதா என்றால் அண்ணன். பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள், சங்கத் தலைவியும் அவளே. "என்ன நடை, தாதா! ஆனால் இதில் 'நான்' என்ற சொல் கொஞ்சம் அதிகம்" என்று சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். காகிதம் அம்மை கண்ட முகம் போல இருந்தது.

அடுத்த ஞாயிறு மாலை விசாலம் தண்ணீர் வாளியோடு படியேறி வந்தாள். இந்தத் தண்ணீர் விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். கட்டடத்தின் மோட்டார் செத்துப்போய் வெகு காலமாயிற்று. தண்ணீர் கீழ்த்தளத் தொட்டியோடு நின்றுவிடும். மேல்மாடிக்காரர்கள் தூக்கி வர வேண்டியதுதான். வீட்டுக்காரர் சாமந்தா பாபுவோடு சங்கத்துக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. அதற்கு வீரமான காரணம் உண்டு. வங்காளிகள் மருமகனை அழைத்து விருந்து வைக்கும் ஜமாய் ஷஷ்டி அன்று, மருமகன் ஹில்சா மீனில் கை வைத்த நேரம் பார்த்து, கோவிந்தராஜன் கூட்டத்தோடு போய் சாமந்தா பாபுவை நகர விடாமல் சூழ்ந்து நின்று கெராவ் செய்தார். மீன் ஆறிப்போயிற்று. அன்றிலிருந்து சாமந்தா பாபு அவர் முகத்தில் விழிப்பதில்லை. அவரும் சாமந்தா பாபுவின் கதவைத் தட்டுவதில்லை. சங்கம் போய்க் கதவைத் தட்டாது, அழைக்கப்பட்டால்தான் வரும். இது கொள்கை. கொள்கையின் பாரத்தை வாளியில் யார் தூக்குகிறார்கள் என்பது நிர்வாக விஷயம்.

விசாலம் வாளியை இறக்கிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்க, அபினவ் தம்பி இன்னைக்கு ஒண்ணு கேட்டுச்சுங்க."

"அந்தப் பய பேச்சு இங்க வேண்டாம்."

"சரிங்க."

கோவிந்தராஜன் மீசையைத் தடவினார். விசாலம் வாளியை மறுபடி தூக்கி உள்ளே நடந்தாள்.

"என்ன கேட்டான்?"

"இந்தக் கட்டடத்துல அகந்தையை நெசமாலுமே விடக்கூடியவங்க ஆராச்சும் இருக்காங்களான்னு கேட்டுச்சுங்க."

"நீ என்ன சொன்ன?"

"எங்கூட்டுக்காரர் இருக்கறார்னு வாய் வரைக்கும் வந்துச்சுங்க. வெளிய வரலை."

"ஏன் வரலை?"

"உங்களுக்குத்தான் பதவி ஒண்ணு இருக்குதுங்களே. அதை விட முடியாதுங்களே, பாவம்."

"பாவமா? நானா? யாரு புள்ள சொன்னது விட முடியாதுன்னு? வருசா வருசம் பொதுக்குழுவுல ராஜினாமா வெக்கறேன். சனங்கதான் விட மாட்டேங்கறாங்க!"

"அது வாஸ்தவமுங்க. சனங்க விடவே மாட்டாங்க."

"பின்ன?"

"அதை அந்தத் தம்பி பாத்ததில்லீங்களே. பாத்தா வாயடைச்சுப் போயிருமுங்க."

கோவிந்தராஜன் குளியலறை வாசல் நாற்காலியில் மெல்லச் சாய்ந்தார். அவருக்குள் ஒரு மாபெரும் திட்டம் உதித்தது. அது தன்னிடமிருந்தே உதித்தது என்பதில் அவருக்குக் கடைசி வரை சந்தேகமில்லை.

ராஜினாமா என்பது சங்கம் நடத்தியவர்களுக்குத்தான் தெரிந்த கலை. உண்மையில் போக நினைப்பவன் ராஜினாமா செய்ய மாட்டான், சும்மா போய்விடுவான். ராஜினாமா செய்வது இருப்பதற்காக. தழுதழுத்த குரலில் பேச வேண்டும். கடைசி வாக்கியத்துக்குப் பிறகு தண்ணீர் குடிக்க வேண்டும். டம்ளர் கீழே வருவதற்குள் கூட்டத்தின் பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, "ஏற்க மாட்டோம்!" என்று கத்த வேண்டும். அந்த ஒருவரை முதல் நாளே பார்த்துப் பேசி வைக்க வேண்டும். பிறகு நெருப்பு தானே பரவும். அடுத்த வருடம் வரை அந்தப் பதவியைப் பீரங்கி வைத்தாலும் அசைக்க முடியாது.

லக்ஷ்மி நிவாஸில் அந்த ஒருவர், இரண்டாம் மாடி ரமேஷ்பாபு. ஹவுராப் பட்டறையில் சம்மட்டிச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய தொண்டை. அவர் ஒரு தடவை கத்தினால் பவானிபூர் புறாக்கள் வேறு வட்டாரம் போய்விடும்.

"இந்தத் தடவை கொஞ்சம் கூடுதலாக் கத்தணும், ரமேஷ்பாபு."

"கவலைப்படாதீங்க அண்ணா. 'ஏற்க மாட்டோம்' ஒரு தடவையா, ரெண்டு தடவையா?"

"அந்தப் பையன் காதுல விழற வரைக்கும்."

"மயக்கம் போட்டு விழட்டுமா?"

"வேண்டாம். போன வருசம் விழுந்து எழுந்திரிக்க நேரமாயிருச்சு."

ஆக, ஏற்பாடு முடிந்தது. பொதுக்குழுவை மொட்டைமாடியில், ஞாயிறு வகுப்பு முடிந்த கையோடு வைப்பது. அபினவைப் பார்வையாளராக உட்கார வைப்பது. பதவி துறப்பதென்றால் என்ன, மக்கள் அன்பு என்றால் என்ன என்று அவனுக்குக் காட்டுவது. ஜப்பான் சுவர் சொல்லிக் கொடுக்காததைப் பவானிபூர் மொட்டைமாடி சொல்லிக் கொடுக்கட்டும்.

ஞாயிறும் வந்தது. விசாலம் அவருக்கு வேட்டியைத் தேய்த்துக் கொடுத்தாள். கேட்காமலே காபி வந்தது. யார் போட்டது என்று அவர் விசாரிக்கவில்லை. வெற்றி வரும் நாளில் அற்பக் கேள்விகள் எதற்கு?

மாடியில் பாய்கள் நிறைந்திருந்தன. சர்பானி பௌதி தலைமை தாங்கினாள். அபினவ் தண்ணீர்த் தொட்டி நிழலில், ஓரமாக, சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான். பின்வரிசையில் ரமேஷ்பாபு. கோவிந்தராஜன் அவரைப் பார்த்துக் கண்ணால் சைகை காட்டினார். ரமேஷ்பாபு கண்ணை மூடித் திறந்தார். எல்லாம் ஒழுங்கு.

கோவிந்தராஜன் பேசினார். கார்டன் ரீச் வாசலில் பேசிய வங்காளத்தில் பேசினார். நடுவே இந்தி. உணர்ச்சி முற்றிய இடத்தில் தமிழ். பதவி என்பது முள் என்றார். கிரீடம் என்றும் சொன்னார், ஆனால் முள்ளாலானது என்று திருத்தினார். சிலர் அகந்தையை விடுவது பற்றிப் பேசுகிறார்கள், சிலர் விடுகிறார்கள் என்று சொல்லி, தொட்டி நிழலை ஒரு பார்வை பார்த்தார்.

"இந்தக் கணத்திலிருந்து நான் செயலாளர் அல்ல. நான் யாருமே அல்ல. என்னை விடுங்கள்!"

டம்ளரை எடுத்தார். குடித்தார். டம்ளர் கீழே வந்தது.

சத்தமில்லை.

இன்னொரு மிடறு குடித்தார். டிராம் தடத்துப் பக்கமிருந்து ஓர் ஆட்டோ ஹாரன் கேட்டது. புறாக்கள் கைப்பிடிச் சுவரில் நிம்மதியாக நடந்துகொண்டிருந்தன.

கோவிந்தராஜன் பின்வரிசையைப் பார்த்தார். ரமேஷ்பாபுவின் கண்களில் நீர் ததும்பியது. இரு கைகளும் கூப்பியிருந்தன. வாய் மட்டும் தைத்தது போல மூடியிருந்தது.

"யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் தெரிவிக்கலாம்" என்றார் கோவிந்தராஜன்.

யாருக்கும் இல்லை.

"கூச்சப்பட வேண்டியதில்லை. ஜனநாயகம். ரமேஷ்பாபு! ஏதோ சொல்ல வர்ற மாதிரி இருக்குதே?"

ரமேஷ்பாபு தலையை ஆட்டினார். விரலை உதட்டின் மேல் வைத்தார்.

"என்ன ஆச்சு இவருக்கு?" என்றார் கோவிந்தராஜன், உரக்கவே.

பெண்கள் வரிசையிலிருந்து விசாலம் எழுந்தாள். "அண்ணனுக்கு இன்னைக்கு மௌனமுங்க. தொண்டை கரகரங்குதுன்னாரு. ஒரு நாளைக்கு வாயே திறக்காம இருந்தா சரியாப் போயிரும்னு நேத்து சாயங்காலம் சொன்னதுங்க."

"சொன்னது யாரு?"

"சொல்லப்பட்டதுங்க."

கோவிந்தராஜன் ரமேஷ்பாபுவைப் பார்த்தார். ஒரு தொழிலாளி தொண்டையை எதிரி இப்படியா பறிப்பது? ஆலை மூடல் தெரியும், கதவடைப்பு தெரியும். வாயடைப்பு செய்து, அடைக்கப்பட்டவரே கண்ணீர் மல்கக் கும்பிடும்படி வைக்கிறார்களே, இதற்கு எந்தச் சட்டத்தில் பரிகாரம்?

அதற்குள் சர்பானி பௌதி எழுந்துவிட்டாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"தாதா, வருடா வருடம் நாங்கள் உங்களை இழுத்துப் பிடித்து வைத்தோம். எங்கள் சுயநலம்! விட நினைக்கிற மனிதனின் காலைக் கட்டிக்கொள்வது எவ்வளவு பெரிய பாவம் என்று இப்போதுதான் புரிகிறது. இனி உங்களைத் தடுக்க மாட்டோம். உங்களுக்கு விடுதலை!"

கைதட்டல் வெடித்தது. அவர் வாழ்நாளில் வாங்காத கைதட்டல். பேசியதற்காகக் கிடைத்ததில் இது பாதிகூட இருந்ததில்லை. போவதற்காக இவ்வளவு தட்டுகிறார்கள். புறாக்கள் கிளம்பிப் போயின.

"கொஞ்சம் பொறுங்க!" கோவிந்தராஜன் கையை உயர்த்தினார். "நான் போவது இருக்கட்டும். வேலையை யார் செய்வார்கள்?"

"விசாலம் பௌதியை முன்மொழிகிறேன்" என்றாள் சர்பானி.

மாடி முழுவதும் கை தூக்கியது. ரமேஷ்பாபு இரண்டு கையையும் தூக்கினார்.

"இவளா? இவளுக்கு என்ன தெரியும்? இவ சங்கத்துல என்ன செஞ்சிருக்கா?"

"தண்ணி தூக்கியிருக்கறதுங்க" என்றாள் விசாலம்.

மேல்மாடிப் பெண்கள் அத்தனை பேரும் ஒரே சமயத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்கள்.

கோவிந்தராஜன் போராளி. கடைசித் தோட்டா இல்லாமல் அவர் களத்துக்கு வந்ததில்லை. சங்கத்தின் விதிகளை எழுதியவரே அவர்தான். வீட்டுக்காரரின் கையாள் எவனும் குறுக்கு வழியில் பதவிக்கு வந்துவிடக் கூடாதென்று அதில் ஒரு விதியைப் போட்டிருந்தார். அதை இப்போது உருவினார்.

"செல்லாது! விலகுகிற செயலாளர், புதியவரின் பெயரை, சங்கத்துக்கு வெளியே உள்ள இரண்டு சாட்சிகள் முன்னால் உரக்கப் படிக்க வேண்டும். அப்போதுதான் செல்லும். எங்கே சாட்சி?"

"அபினவ் தம்பி பாலிகஞ்சுங்க" என்றாள் விசாலம்.

"ஒண்ணு. இன்னொண்ணு எங்க?"

விசாலம் திரும்பினாள். படிக்கட்டுப் பக்கம் பார்த்தாள். அங்கே யாரோ மூச்சிரைக்கும் சத்தம். முதலில் ஒரு கைத்தடி தெரிந்தது. பிறகு வழுக்கைத் தலை. பிறகு, வெள்ளை ஜிப்பா அணிந்த சாமந்தா பாபுவின் முழு உருவம்.

வீட்டுக்காரர்! வாடகைதாரர் சங்கத்தின் பொதுக்குழுவில்! கூட்டம் எழுந்து நாற்காலி போட்டது. அதுவும் கோவிந்தராஜனின் பேச்சுக்காகப் போட்டிருந்த நாற்காலி.

"விசாலம் பௌதி வந்து கூப்பிட்டாள்" என்றார் சாமந்தா பாபு, மூச்சு வாங்கியபடி. "கதவைத் தட்டி, டீ குடித்து, என் மூட்டுவலியை விசாரித்து, மோட்டார் வேண்டும் என்றாள். இத்தனை வருடத்தில் என்னிடம் ஒருவரும் மோட்டார் கேட்கவில்லை. உரிமை கேட்டார்கள். உரிமை என்னிடம் எங்கே இருக்கிறது? மோட்டார் இருக்கிறது. பௌதி செயலாளர் என்றால் நாளைக்கே மாட்டச் சொல்கிறேன்."

"சதி!" என்று கோவிந்தராஜன் அலறினார். "எதிரியோடு ரகசியப் பேச்சு! பொதுக்குழுவுக்குத் தெரியாமல்! ஏம் புள்ள, நீ போய்க் கதவைத் தட்டினியா? நம்ம கொள்கை என்ன ஆச்சு?"

"கதவு தட்டப்பட்டதுங்க. திறந்துச்சுங்க. கொள்கைக்கு ஒண்ணும் ஆகலீங்க, இங்கதான் நின்னுட்டிருக்குது" என்றாள் விசாலம், அவரை மேலும் கீழுமாகப் பார்த்து.

வெளிநடப்பு! அதுதான் வழி என்று அவருக்குப் பட்டது. வேட்டியை மடித்துக் கட்டிப் படிக்கட்டை நோக்கி இரண்டடி வைத்தார். வெளிநடப்புச் செய்தால் வீட்டுக்குத்தான் போக வேண்டும் என்பது மூன்றாவது அடியில் உறைத்தது. வீட்டுச் சாவி, வங்காளப் பெண்களைப் பார்த்துப் பழகியபடி, விசாலத்தின் முந்தானை முடிச்சில் தொங்கியது. திரும்பி வந்தார்.

அபினவை நோக்கினார். அவனாவது ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னால் பிடித்துக்கொள்ளலாம்.

"நீ என்னப்பா சொல்ற? இதெல்லாம் நியாயமா?"

"நீங்க சொல்றதுதான் சரி சார்" என்றான் அபினவ்.

வேறு வழியில்லை. ஆனால் தோற்கும் இடத்திலும் ஓர் அடி விட்டுக் கொடுக்காமல் தோற்பதுதான் பழைய தோழர்களின் வழக்கம். கோவிந்தராஜன் நிமிர்ந்தார். பதவி போகலாம். கதவில் பலகை இருக்கிறது. அதில் இருக்கும் பெயர் இருக்கிறது. அந்தப் பெயரையாவது காப்பாற்றி விடுவது. தொண்டையைச் செருமிக்கொண்டு, மாடி அதிர முழங்கினார்:

"லக்ஷ்மி நிவாஸ் குடியிருப்போர் சங்கத்தின் புதிய செயலாளர், திருமதி கோவிந்தராஜன்!"

கைதட்டல் வரவில்லை. சர்பானி பௌதி மூக்குக் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி, பழைய தலைமையாசிரியைப் பார்வை பார்த்தாள்.

"தாதா, இப்போது படித்தது யார் பெயர்?"

"அவ பேர்தான்."

"இது ராஜினாமா செய்தவரின் பெயர். வாசல் வழியாகப் போய் ஜன்னல் வழியாக வருகிறாரே!"

கூட்டம் சிரித்தது. கோவிந்தராஜன் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். மறுபடி ஆரம்பித்தார். இந்த முறை குரல் மாடியோடு நின்றது.

"புதிய செயலாளர், விசாலம் கோவிந்தராஜன்."

சாமந்தா பாபு கைத்தடியை ஊன்றி எழுந்துகொண்டார். "கோவிந்தராஜனா? மறுபடியுமா? அப்படியென்றால் நான் கீழே போகிறேன். மோட்டார் வேண்டாம் போலிருக்கிறது."

"இருங்க, இருங்க!" மேல்மாடிப் பெண்கள் அவரை மறித்தார்கள். பிறகு எல்லோரும் கோவிந்தராஜன் பக்கம் திரும்பினார்கள். வாளி தூக்கிய அத்தனை கண்களும். அவர் வாழ்க்கையில் எத்தனையோ பேரைக் கெராவ் செய்திருக்கிறார். உள்ளே நிற்பது எப்படி இருக்கும் என்று இதற்கு முன் தெரிந்துகொள்ள வாய்த்ததில்லை.

விசாலத்தைப் பார்த்தார். வாழ்நாளெல்லாம் 'ஏம் புள்ள' என்று கூப்பிட்ட முகம். அவள் சிரிக்கவில்லை. தலையைக் கொஞ்சம் சாய்த்து, அடுத்து என்ன வருகிறது என்று கேட்கத் தயாராக நின்றாள்.

சாட்சிகள் இருவரும் காத்திருந்தார்கள். கோவிந்தராஜன் மூச்சை இழுத்து, கார்டன் ரீச் வாசலே கண்டிராத சின்னக் குரலில் படித்தார்:

"விசாலம்."